இரண்டு அடுப்புக்கு ஒரு சண்டை

கூட்டாளிகளே, நம்முடைய வகுப்புக் குழுவில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவைக் காலையில்தான் பார்த்தேன். பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி வாங்குவது, ஆளுக்கொரு வீட்டை ஒட்டி ஒட்டிக் கட்டுவது, நடுவில் பொதுவாகச் சமைக்க ஒரு குசினி வைப்பது, பிள்ளைகள் கனடாவுக்கும் கொழும்புக்கும் போய்விட்ட மிச்சக் காலத்தை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே கழிப்பது. எல்லோரும் கைதட்டும் படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒருத்தி கோபித்துக்கொண்டிருக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். விரலில் எண்ணெய் இருந்தால் இந்தக் கைபேசி என்னை ஒரு மனுசியாகவே மதிப்பதில்லை.

எண்ணெய் காய்ந்து ரொம்ப நேரமாகிவிட்டது என்பதும் உண்மை.

நாம் எல்லோருமே தேயிலைத் தோட்டத்து வரிசை லயத்தில் பிறந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் இருப்பவர் இஞ்சி தட்டுவார். அடுத்த காம்பராவில் என்ன கறி, யாருக்குக் காய்ச்சல், எந்தப் புருசன் எந்தப் பொஞ்சாதியோடு பேசவில்லை என்பதெல்லாம் கூரைக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாகத் தானாக வந்து சேரும். அதிலிருந்து தப்பிக்கத்தானே விழுந்து விழுந்து படித்தோம்? தப்பித்தும் விட்டோம். நான் பதுளையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன். கூரைவரைக்கும் சுவர் இருக்கிறது. இருமினால் யாருக்கும் கேட்காது. இப்போது எல்லோருமாகச் சேர்ந்து, தெரிந்தே, பழைய லயத்தை டைல்ஸ் பதித்துக் கட்டப் போகிறோம்.

எனக்கு இதில் முன் அனுபவம் உண்டு. என்னிடம் வேண்டும், வேண்டாம் என்று ஒரு சொல்லில் பதில் எதிர்பார்த்தது உங்கள் பிழை. உட்கார்ந்து வாசியுங்கள். உங்களுக்கும் முழங்கால் வலிதான், எங்கே ஓடப் போகிறீர்கள்.

எங்கள் தோட்டம் பூனாகலைக்கு மேலே. எங்கள் லயத்தில் ஒட்டியிருந்த இரண்டு காம்பராக்களில் ஒன்று எங்களுடையது, மற்றது பெரியம்மாவுடையது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. தாயும் தகப்பனும் இல்லாமல் போனபின் அம்மாவை வளர்த்தது அவர்தான். தான் கல்யாணம் கட்டி வந்த தோட்டத்திலேயே தங்கச்சிக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். அதோடு விடவில்லை. கணக்கப்பிள்ளையை வேலைக்காட்டிலும், காலையில் ஆள் கூட்டிப் பெயர் பதியும் பெரட்டுக் களத்திலும் வழிமறித்து வழிமறித்து, பக்கத்துக் காம்பராவையும் வாங்கிவிட்டார். அந்தக் கணக்கப்பிள்ளை பெரியம்மாவைத் தூரத்தில் கண்டாலே தேயிலைக்குள் குனிந்துகொள்வாராம்.

தோட்டத்தில் அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்து இருப்பார்கள். அக்கா தங்கச்சி அடுத்தடுத்து இருப்பது எங்களிடம்தான். இதனால் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் லயத்தில் மரியாதை கொஞ்சம் குறைவு. இரண்டு பேரும் பொம்பளைங்களுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க என்று பீலியில் குளிக்கும்போது ஆம்பளைகள் கிண்டல் பண்ணுவார்கள். அப்பா பதிலுக்கு அரை மணி நேரம் பேசுவார். பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலைக்குத் தண்ணீர் பிடிப்பார். சகலைகள் இருவரும் ஆளுக்கொரு தொழிற்சங்கம். ஒரே பீடியைப் பாதி பாதியாகப் பிடித்துக்கொண்டு ஒருவர் தலைவரை ஒருவர் திட்டுவார்கள்.

என் தம்பி பிறந்த மழைக்காலத்தில் பெரியம்மா சுடுதண்ணியைத் தூக்கிக்கொண்டு தன் வாசலால் வெளியே போய், மழையில் நனைந்து, எங்கள் வாசலால் உள்ளே வர வேண்டியிருந்தது. சட்டியில் பாதி மழைத்தண்ணி. மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ வரும்போது சட்டியைக் கீழே வைத்துவிட்டு, நடுச் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, இது யாருக்குய்யா வேணும் என்று கேட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலைகள் இருவரும் சுவரை உடைத்தார்கள்.

தோட்டத்துச் சுவரை உடைப்பது குற்றம். அதனால் சத்தத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று அப்பா எங்கள் பக்கமிருந்தும் பெரியப்பா அவர் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். அளந்து பார்க்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அல்லது, மற்றவர் அளந்திருப்பார் என்று இருவரும் நினைத்தார்கள். கடைசியில் அப்பாவின் ஓட்டை ஒரு முழம் கீழேயும் பெரியப்பாவின் ஓட்டை ஒரு முழம் பக்கத்திலும் இருந்தது. இரண்டையும் சமாளித்து உண்டான வாசலில் நுழைய, குனிந்து, இடது தோளை முன்னால் விட்டு, பிறகு நிமிர வேண்டும். இன்றைக்கும் புது வீட்டுக்குள் போகும்போது எனக்கு இடது தோள் தானாக முன்னால் போகிறது. வைத்தியர் இதைக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்கிறார்.

உடைத்த கல்லை அடுக்கிக் குடம் வைக்க ஒரு மேடை செய்தார்கள். அதன்மேல் எப்போதும் ஒரு அலுமினியக் கேத்தல், மூக்கு நசுங்கியது. பச்சைப் பூப் போட்ட பீங்கான் கோப்பை ஒன்று. அது எங்கே போனது என்று இப்போது கேட்பதற்கு ஆளில்லை. ஒரு வீடு என்றான பிறகு இரண்டு இடத்தில் எதற்கு நெருப்பு? எங்கள் பக்கத்து அடுப்பு மட்டும் எரிந்தது. பெரியம்மா தன் அடுப்பை அணைத்துவிட்டார். அந்தச் சாம்பல் குழியில் ஒரு சிவப்புக் கோழி அடைகாக்க ஏறியது. பிறகு இறங்க மனமில்லாமல் அங்கேயே குடியிருந்தது.

மாலை கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றாக வருவார்கள். நனைந்த கம்பளியின் ஆட்டு வாடை, தலையில் சுமந்து வந்த மிலாறுக் கட்டிலிருந்து உதிரும் காய்ந்த இலை, கையில் அந்தப் பச்சைக் கறை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் மிலாறு. எரியும்போது கண்ணைக் கரிக்கும். அந்தப் புகைக்குள் பெரியம்மா ரொட்டி தட்டுவார், அம்மா சம்பல் இடிப்பாள். எனக்குத் தலை பின்னிவிடுவது பெரியம்மா. விரல்கள் சொரசொரவென்று இருக்கும், ஆனால் இழுக்காமல் பின்னுவார். நான் படுப்பதும் அவர் பக்கத்தில்தான். தம்பி அழுவான் என்பது காரணம். தம்பி அழுவதை நிறுத்தி ரொம்ப நாளான பிறகும் அதுதான் காரணம்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்று நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரில் யார் உள்ளே இருந்தாலும் அதுதான் வாயில் வரும். அம்மா தனியாக இருக்கும் நாளில் உள்ளேயிருந்து பதில் வரக் கொஞ்சம் பிந்தும். உலை கொதிக்கும் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

என் பத்தாவது வயதையொட்டிய ஐப்பசி மழையில், லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு மலை வெடிப்பைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை. அன்று சிரித்தோம். ஆடு ஒன்று அதற்குள் காலை விட்டுக்கொண்டு கத்தியதை லயமே போய் வேடிக்கை பார்த்தது. இரண்டு நாளில் மழைத்தண்ணி ஓடும் கான் நிரம்பி வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. தோட்டத்துத் துரை வந்து பார்த்தார், பங்களாவுக்குப் போனார், இன்னும் பெரிய துரைகளோடு திரும்பி வந்தார். லயத்தைக் காலி பண்ணப் போவதாகவும், மேல்மலைப் புல்லுக்காட்டில் தனித்தனி வீடு கட்டித் தரப்போவதாகவும் பெரட்டில் சொன்னார்கள். தனி வீடு. நாலு பக்கமும் சுவர், சுற்றிக் கொஞ்சம் மண், கத்தரி நடலாம். கிழடுகள் சில பேர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மாவும் பெரியம்மாவும் அன்று மாலை மலையேறிப் போய் இடத்தைத் தேர்ந்துவிட்டு வந்தார்கள். யாரும் இவர்களைத் தேரச் சொல்லவில்லை. ஒரு கொய்யா மரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு வீடு. இந்த வீட்டு வாசலில் நின்று பேசினால் அந்த வீட்டுக் குசினிக்குக் கேட்க வேண்டும். அதற்குள் வேலி போடுவதா வேண்டாமா என்றுகூடப் பேசி, வேண்டாம் என்று முடிவாகியிருந்தது.

மறுநாள் கணக்கப்பிள்ளை வந்து, வெளியிலிருந்து ஒரு ஐயா வரப்போகிறார், குடும்பம் எத்தனை என்று பார்த்துப் போவார் என்றார். குடும்பத்தை எப்படிப் பார்ப்பார் என்று அப்பா கேட்டார். அடுப்பைப் பார்ப்பாராம். ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. சொல்லிவிட்டு, எங்கள் கோணல் வாசலை ஒரு தரம் பார்த்தார். கோழியை ஒரு தரம் பார்த்தார். எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் இந்தப் பக்கமே வரல என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கணக்கப்பிள்ளையிடமிருந்து அதற்குமேல் அன்பை எதிர்பார்க்க முடியாது.

மற்றக் காம்பராக்காரர்கள் எல்லாம் ஒரு வாசலுக்குள் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த காலம் முதல் எங்கள் ஆட்கள் ஒரு வீட்டை இரண்டாக்கித்தான் பழகியவர்கள். இரண்டு வீட்டை ஒன்றாக்கிய மேதைகள் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தார்கள்.

ஆகவே சுவரைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. குட மேடையைக் கலைத்து அதே கல்லை எடுத்தார்கள். உடைக்கும்போது இரண்டு பக்கமிருந்தும் உடைத்தவர்கள், கட்டும்போது ஒரு பக்கமிருந்துதான் கட்ட முடிந்தது. அப்பா உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று பெரியப்பா இரண்டு தரம் எச்சரித்தார். அவர் அந்த வாரம் முழுக்கப் பேசியதில் நீளமான பேச்சு அது. புது மண் பூசிய இடம் தனியாகத் தெரிந்தது. அடுப்புக்கரியைக் கரைத்துப் பூசினோம், இன்னும் தெரிந்தது. கடைசியில் பண்டாரவளை நானா கடையில் கொடுத்த கலண்டரை அதன்மேல் மாட்டினோம். அதில் ஒரு அருவிப் படம். அருவி சுவரில் சாய்ந்து விழுந்தது.

கோழியை அடுப்பிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு. முட்டைகளைக் கூடைக்கு மாற்றி, கோழியை அதில் கவிழ்த்து வைத்தால், எப்படியோ வெளியே வந்து அடுப்பில் ஏறிவிடும். பெரியம்மா தினமும் காலையில் அந்த அடுப்பில் நெருப்பு மூட்டினார். அணைந்த பிறகு சாம்பல் வெதுவெதுவென்று இருக்குமா, கோழிக்கு முன்பைவிட வசதி.

இவ்வளவும் போதாது என்றார் அப்பா. அவர் சங்கக் கூட்டங்களில் பேசி வந்தவர், சாட்சியங்களைப் பற்றி அவருக்குக் கருத்துகள் இருந்தன. அக்கா தங்கச்சி, அடுத்தடுத்த காம்பரா, ஒருத்திக்குப் பிள்ளையில்லை, ஒண்ணாத்தான் பொங்கித் திங்கிறாங்கன்னு எவனும் சொல்லிருவான். சண்டை போட்டுப் பிரிஞ்சவங்கன்னு அந்த ஐயாவுக்குத் தெரியணும். தெரியணும்னா அவர் முன்னாடியே போடணும்.

இப்படித்தான் என் அம்மாவும் பெரியம்மாவும் சண்டை பழகினார்கள். வேலைக்காட்டிலிருந்து வந்து, கம்பளியைக் காயப்போட்டுவிட்டு, இஸ்தோப்புத் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பழகுவார்கள். யார் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பிரித்துக் கொடுத்தது பெரியம்மாதான்.

"நீ என்னைய உப்புக்கள்ளின்னு சொல்லு. நான் உன்னைய மிலாறு திருடின்னு சொல்றேன். அப்புறம் நீ, இவ ஒரு பொம்பளையா, இவ ஆக்குற சோத்த நாயி திங்குமான்னு கேளு."

"ஒஞ் சோத்தையாக்கா அப்புடிச் சொல்றது?"

"சொல்லுடி. வீடு வேணுமா வேணாமா?"

அம்மா சொல்லத் தொடங்குவாள். நாயி என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிடும். பெரியம்மாவுக்கும் வந்துவிடும். இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவார்கள். சிரிச்சா ஒரு வீடுதான், சிரிச்சா ஒரு வீடுதான் என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஒரு நாள் பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாக்காதீங்க, சிரிப்பு வராது என்றார். நான் இதுவரைக்கும் நடிப்பைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன், கொழும்பில் நாடகங்களும் பார்த்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த யோசனை பலித்துத் தொலைத்ததுதான் கஷ்டம்.

ஐயா ஒரு மழை நாளில் வந்தார். டவுன்காரர், தமிழ் ஆள், இளவயது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும், கைக்குட்டையில் பூத்தையல் போட்டிருந்தது. குடையைக் காற்று திருப்பிவிட்டிருந்தது. காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அம்மா சுண்ணாம்பு கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் அடுப்பைப் பார்த்தார், சரி என்றார். வெளியே போய், நனைந்து, பெரியம்மா வாசலால் உள்ளே வந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். போகக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அடுப்பில் கோழி உட்கார்ந்திருந்தது.

அவர் கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது. கையை விட்டுப் பார்த்திருந்தால் சாம்பல் சூடாகத்தான் இருந்திருக்கும், காலையில் ரொட்டி சுட்ட அடுப்பு. அவருக்கு அது தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் வேறு ஏற்பாடு இருந்ததே.

"இந்த அடுப்பு எரியிற மாதிரித் தெரியலையேம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சமைக்கிறீங்களோ?"

பெரியம்மா தொடங்கினார். இவகூடவா, இந்த மிலாறு திருடிகூடவா. அம்மா உப்புக்கள்ளி என்றாள். பழகியபடியே வந்தது. சோறும் நாயும் வந்தது. இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. அம்மா கலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினாள், பெரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் ஐயா சிரித்தார். அக்கா தங்கச்சின்னா இப்படித்தான், எங்க வீட்லயும் ரெண்டு பேர் இருக்காங்க, காலையில திட்டிக்குவாங்க, மத்தியானம் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தார். ஒரு குடும்பம்தானே என்று அப்பாவைக் கேட்டார். அவ்வளவு பேசும் அப்பா தலையைச் சொறிந்தார்.

பழகி வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கொய்யா மரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு வீட்டில் ஒன்று அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தது.

அம்மா சத்தத்தைக் குறைத்துப் பேசினாள். அதுவரை கத்தியவள்.

"எம் புள்ள என்னைய அம்மான்னு கூப்புட்டு எத்தன நாளாச்சுன்னு கேளுங்கய்யா அவகிட்ட. வாசல்ல வந்து நின்னா பெரியம்மா. பசிச்சா பெரியம்மா. படுக்கிறது அங்க, தல பின்னுறது அங்க. நான் பெத்துக் குடுத்தவ, அவ்வளவுதான். அவளுக்கு இல்லேன்னுட்டு என்னுதைய எடுத்துக்கிட்டா. வளத்தவளாச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருக்கேன். ஒரு நாளாச்சும் நானும் எம் புள்ளைகளுமா கதவச் சாத்திக்கிட்டு இருக்கணும்யா."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெரியம்மா வாயைத் திறந்தார். அவர் முறை அது. மிலாறு திருடி என்பதைத் திரும்பச் சொல்லியிருக்கலாம், அவர் எழுதிக் கொடுத்த நாடகம்தானே. குனிந்து கோழியை அடுப்பிலிருந்து தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழையில் இறங்கிக் கோழிக்கூட்டுப் பக்கம் போனார். கம்பளி போட்டுக்கொள்ளவில்லை.

ஐயாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அப்பா துள்ளாத குறை. பிரமாதம், அந்தக் கடைசிப் பேச்சு யாரு சொல்லிக்குடுத்தா என்று கேட்டார். அம்மா சம்பல் இடிக்கப் போனாள். தேங்காய் துருவாமலே இடித்துக்கொண்டிருந்தாள்.

சுவரைத் திரும்ப உடைப்பதற்கில்லை. யாராவது திரும்ப வந்து பார்த்தால்? அன்று மாலை பெரியம்மா தன் பக்கம் தனியாக நெருப்பு மூட்டினார். ஊதுகுழலில் ஊதும் சத்தம் கேட்டது. அவர் புகை சுவருக்கு மேலாக ஏறி எங்கள் பக்கம் இறங்கியது. நான் என் பாயைச் சுருட்டிக்கொண்டு வழக்கம்போல அந்தப் பக்கம் போனேன், இம்முறை வெளியால் சுற்றி. பெரியம்மா என்னைப் பார்த்து, தலையைத் தடவி, இன்னிக்கி உங்கம்மாகிட்டப் படு என்றார். குரலில் கோபமெல்லாம் இல்லை. நான் திரும்பி வந்தபோது அம்மா எனக்கு இடம் விட்டு ஏற்கனவே தள்ளிப் படுத்திருந்தாள். அந்த இடம் எனக்குப் பழக்கமில்லாத இடம். காற்று வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மழை விட்டதும் வீடு பிரித்துக் கொடுத்தார்கள். பெரட்டுக் களத்தில் ஐயாவே நின்று ஒவ்வொருவருக்கும் இடத்தைச் சொன்னார். எங்களுக்குக் கீழே, வண்டி போகும் கரத்தை ரோட்டோரம் முதல் வீடு. அம்மா அடுத்த பெயர் பெரியம்மாவுடையதாக இருக்கும் என்று நின்றாள். அடுத்தது வேறு யாரோ. அதற்கடுத்தும் வேறு யாரோ. பெரியம்மாவின் பெயர் கடைசியில் வந்தது. மலை உச்சியில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், அதற்கப்பால் சவுக்கு மரம் மட்டும்தான். கொய்யா மரம் இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் நடுவில் யாருக்கோ போனது.

ஐயா அம்மாவைத் தேடி வந்தார். அவ்வளவு நல்ல மனுசனை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னத நான் மறக்கல. ஒருத்தர் மொகத்துல ஒருத்தர் முழிக்க வேணாம்னுதான் தூரமாப் போட்டிருக்கேன். இனி நிம்மதியா இருக்கலாம்."

நல்லா இருப்பீங்கய்யா என்றாள் அம்மா. வேறென்ன சொல்ல முடியும்? அது நடிப்பு என்றால் ஒரு வீடு போய்விடும். பக்கத்தில் மாற்றித் தாருங்கள் என்று கேட்டாலும் அதே கதைதான். அப்பா மட்டும் இரண்டு நாள், யாராவது ஒருவரோடு சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று திட்டம் போட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். பயத்தில் சொன்னாள் என்று அப்போது எல்லோரும் நினைத்தோம்.

அதன் பிறகு சண்டையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கொழுந்து மலையில் அம்மா இந்த வரிசை என்றால் பெரியம்மா அந்த வரிசை. பெரட்டில் ஆளுக்கொரு மூலை. பார்க்கிறவர்களுக்காகத்தான். பார்க்காத இடத்திலும் அப்படியே இருந்தார்கள் என்பதை நான் பார்த்தேன். சகலைகள் இருவரும் எப்போதும்போல பீலியடியில் பாதிப் பீடி பிடித்தார்கள். அவர்கள் சண்டை போட்டதாக யாரும் எழுதிக்கொள்ளவில்லையே.

இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது, கூட்டாளிகளே. அந்த ஐயா அடுத்த வருசமே மாற்றலாகிப் போய்விட்டார். யாரும் திரும்ப வந்து எந்த அடுப்பையும் பார்க்கவில்லை. புல்லுக்காட்டில் நாலு அண்ணன் தம்பிகள் நாலு வீடு வாங்கி, மூன்றை வெங்காயம் காயப்போட வைத்துக்கொண்டு, ஒன்றில் எல்லோருமாக இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பலில் கையை விட்டுப் பாருங்க என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேசத் தெரிந்தவர்கள் நிறைந்த குடும்பம் எங்களுடையது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். காணியை வாங்குங்கள், எனக்கும் ஒரு வீடு போடுங்கள். கட்டில் மெத்தை எதுவானாலும் சரி. சுவர் மட்டும் கூரைவரைக்கும் இருக்கட்டும். பொதுக் குசினியில் என் முறை வரும் நாளில் உப்புக் குறைந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். அவ்வளவுதான் என் நிபந்தனை. இந்த வயதில் வேறு எங்கே போவது?

பெரியம்மா வீட்டுக்கு அம்மா முதல் தடவையாகப் போனது மறு வருசத் தீபாவளிக்கு. ஒரு தட்டில் முறுக்கு வைத்து, துணி போட்டு மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினாள். ஏற்றம் கடுமை. மூன்று இடத்தில் நின்றாள், மூச்சுக்காக என்றாள். பெரியப்பா வெளியே போயிருந்தார். பெரியம்மா குசினியில் இருந்தார். புது வீட்டுக் குசினி, சுவரில் இன்னும் கரி ஏறவில்லை. வாங்க என்றார். தங்கச்சியை அவர் வாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் தண்ணித் தொட்டியைப் பற்றிப் பேசினார்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் வாசலில் சேறு. பிறகு கத்தரி. பெரியம்மா ஒரு குச்சியை அடுப்புக்குள் தள்ளினார். நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி அந்த ஐயாகிட்ட கடைசியாச் சொன்னியே. அது நம்ம பேசி வச்சதுதானே?"

அம்மா தட்டின் துணியை மடித்தாள். நான் அங்கே இருந்தேன், ஒவ்வொரு மாலையும் இஸ்தோப்பில் அவர்கள் பழகியதைக் கேட்டவள். என்னை இருவருமே பார்க்கவில்லை.

"ஆமாக்கா. பேசி வச்சதுதான்."

"அதானே. எனக்குத்தான் மறந்துபோச்சு."

முறுக்கை ஒன்று எடுத்து உடைத்து, பாதியை வாயில் போட்டுக்கொண்டார். உப்புச் சரியாயிருக்கு என்றார். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி வந்துவிட்டோம்.